எழுந்து நடக்கும் சோதனை: நேரம் மாறிக்கொண்டே இருப்பது ஏன்?

கேள்வி: விழும் அபாயத்தை அறிய 75 வயதுக்காரருக்கு வீட்டிலேயே எழுந்து, நடந்து, திரும்பி வந்து உட்காரும் சோதனை எடுத்தால் ஒரு நாள் 11 நொடி, மறுநாள் 15. எதை நம்புவது?

பதில் 1: முதலில் நாற்காலியைப் பாருங்க. இந்தச் சோதனைக்கு 1991-இல் போட்சியாட்லோ, ரிச்சர்ட்சன் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட முறையில் கைப்பிடி வைத்த நாற்காலி, இருக்கை சுமார் 46 செ.மீ. உயரம். தாழ்வான சோபா என்றால் எழுவதற்கே நேரம் போய்விடும். நாற்காலியிலிருந்து 3 மீட்டர் அளந்து, திரும்பும் இடத்தில் தரையில் டேப் ஒட்டுங்க. ‘போங்க’ என்றதும் கடிகாரத்தை ஓடவிட்டு, திரும்ப உட்கார்ந்ததும் நிறுத்தணும். வழக்கமான செருப்பு, வழக்கமான தடி, வழக்கமான வேகம், அவசரப்படுத்தக் கூடாது. முதல் சுற்று ஒத்திகை, அதைக் கணக்கில் சேர்க்காதீங்க.

பதில் 2: நேரத்தைவிட, திரும்பும் இடத்தைத்தான் நான் முக்கியமாகப் பார்ப்பேன். குட்டிக் குட்டி அடியாக வைக்கிறாரா, கை சுவரைத் தேடுகிறதா? அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் என்கிறது. பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்கணும்.

கேட்டவர்: தடி எந்தக் கையில்?

பதில் 1: வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வரணும். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்க, ஈரத் தரையில் வழுக்கிவிடும்.