சவுக்கு போடலாமா? பேப்பர் மில்லுங்க நிலைமை இனிமே எப்படி?

மேட்டுக்கொல்லை (ஒரத்தநாடு பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு ஒரத்தநாட்டுக்குத் தெக்க மூணு ஏக்கர் மேட்டுக்கொல்லை இருக்கு, மணல்சாரி, போர்த் தண்ணிதான். கஜா புயல்ல தென்னை மொத்தமா சாஞ்சதுக்கு அப்புறம் கடலை, உளுந்து, எள்ளுன்னு மாத்தி மாத்திப் போட்டு ஓட்டிக்கிட்டு இருக்கோம். அப்பாவுக்கு முடியல, நான் திருப்பூர்ல இருக்கேன், களை எடுக்கக்கூட ஆள் கிடைக்கல. எங்க மச்சான் ரெண்டு மூணு வருஷம் முன்னாடி சவுக்கு வெட்டுனப்போ வியாபாரிங்க வீடு தேடி வந்து அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாங்க, அதைப் பாத்துட்டு ஊர்ல பாதிப் பேரு போட்டுட்டாங்க. இப்ப கேட்டா வெலை எறங்கிடுச்சுங்கிறாங்க, மில்லே நஷ்டத்துல ஓடுதுன்னும் சொல்றாங்க.

நான் கேக்குறது இதுதான். இன்னைக்கு நட்டா வெட்ட நாலு வருஷம் ஆகும். எல்லாரும் போன்லயே படிக்கிறாங்க, எங்க வீட்லயே பேப்பர் வாங்கறத நிறுத்தியாச்சு. நாலு வருஷம் கழிச்சு இந்தக் கட்டைய வாங்க ஆள் இருப்பாங்களா?

பல்ப்மில் மாமா (கரூர்)

தம்பி, நான் முப்பது வருஷத்துக்கு மேல பேப்பர் மில்லுல, மரத்தைக் கூழாக்குற செக்‌ஷன்ல இருந்து ரிடையர் ஆனவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

நியூஸ் பேப்பர் கொறையுறத வச்சு மொத்தத் தொழிலையும் எடை போடாதீங்க. நம்ம நாட்டுல ஆளுக்கு வருஷத்துக்கு சுமாரா 15 கிலோ காகிதம்தான் செலவு, உலக சராசரி 50 கிலோவுக்கு மேல. அட்டைப்பெட்டி, மருந்து டப்பா, பேப்பர் கப்பு, ஆன்லைன் பார்சல்னு தேவை ஏறிக்கிட்டேதான் இருக்கு. ஆனா இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, வியாபாரி உங்ககிட்ட அதைச் சொல்ல மாட்டான். இந்தியாவுல ஆகுற காகிதத்துல 70 சதவீதத்துக்கு மேல பழைய பேப்பர அரைச்சுப் பண்றது. பழுப்பு அட்டைப்பெட்டி பூரா அதுதான். மரத்துலேர்ந்து வர்றது அஞ்சுல ஒரு பங்கு இருந்தா பெருசு. அதனால பார்சல் பெருகுதுன்னா சவுக்குக்கும் அதே அளவுக்குக் கிராக்கி பெருகும்னு கணக்குப் போட்டா தப்பாயிடும். மரம் வேணும்கிறது எழுதுற பிரிண்ட் பண்ற வெள்ளை பேப்பருக்கும், மருந்து டப்பா, சாப்பாட்டு டப்பாவுக்குப் போற வெள்ளை அட்டைக்கும்தான். அந்த அட்டைக்காகத்தான் மணப்பாறை பக்கம் மொண்டிப்பட்டியில டிஎன்பிஎல் (தமிழ்நாடு அரசோட காகித ஆலை) ரெண்டாவது யூனிட் போட்டது, 2016ல ஓட ஆரம்பிச்சுது, வருஷத்துக்கு 2 லட்சம் டன்.

அடுத்தது, டிஎன்பிஎல் ஆரம்பத்துல மரத்தை நம்பி வந்த மில்லே இல்ல. 1979ல கம்பெனி ஆரம்பிச்சப்பவே கரும்புச் சக்கைதான் திட்டம், சர்க்கரை ஆலைக்கு நாங்க நீராவிக்கு வழி பண்ணிக் குடுப்போம், அவங்க சக்கை குடுப்பாங்க. இப்ப கரும்பே கொறஞ்சு போச்சு, இருக்கிற ஆலையும் சக்கைய எரிச்சு கரண்ட் எடுத்து விக்குது. குருங்குளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுன ஊருங்க உங்க பக்கம் நிறைய, எத்தனை பேரு விட்டுட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும். சக்கை கொறையக் கொறைய மரம் கூடத்தான் வேணும். காட்டுலேர்ந்தும் எடுக்க முடியாது, 1988 வனக் கொள்கை வந்ததுக்கு அப்புறம் சலுகை வெலைக்குக் காட்டு மரம்ங்கிற பேச்சே இல்ல, விவசாயிகிட்ட வாங்கித்தான் ஆகணும். ஆலையெல்லாம் சொந்தமா க்ளோன் நாத்துப் (நல்ல மரத்தோட குச்சியிலேர்ந்து அச்சு அசலா வளர்க்குற நாத்து) பண்ணை வச்சு ஊரூரா குடுக்குறது அதனாலதான்.

அப்புறம் ஏன் வெலை எறங்குச்சுன்னு கேட்டீங்கன்னா, கொரோனா வருஷங்கள்ல ஸ்கூல் ஆபீஸ் எல்லாம் மூடி பேப்பர் போகல, கட்டை வெலை விழுந்துச்சு, யாரும் புதுசா நடல. அப்ப நடாம விட்டது 2023, 24ல மரத் தட்டுப்பாடா வந்து நின்னுச்சு. அதே நேரத்துல பிளைவுட், எம்டிஎஃப் (மரநாரை அழுத்திப் பண்றது) பலகைக்காரங்களும் அதே மரத்துக்குப் போட்டி. அதான் உங்க மச்சானுக்கு வீடு தேடி அட்வான்ஸ் வந்துச்சு. ஆனா அந்த வெலைக்குக் கட்டை வாங்கி பேப்பர் பண்ணா மில்லுக்குக் கட்டல. தென்கிழக்காசிய நாடுகளோட போட்ட ஆசியான் ஒப்பந்தத்துல இந்தோனேசியாவுலேர்ந்து பேப்பரும் அட்டையும் வரியே இல்லாம எறங்குது, சீனாச் சரக்கு வேற. போன ரெண்டு மூணு வருஷமா மில்லுங்களோட லாபம் சரிஞ்சதுக்கு இந்த ரெண்டு பக்க இடிதான் காரணம்.

கூழ் வெலையையும் பாருங்க. ஹார்ட்வுட் கூழ் (தைல மரம் மாதிரி மரத்துல எடுக்குறது) 2022ல டன் 850 டாலரைத் தாண்டுச்சு, 2025 நடுவுல சீனாவுல 500 டாலர் பக்கம் வந்துருச்சு. பிரேசில்ல சுசானோன்னு ஒரு கம்பெனி 2024 ஜூலையில ஒரே ஒரு மில்லத் தொறந்தான், வருஷத்துக்கு 25 லட்சம் டன் கூழ்! மொண்டிப்பட்டி அட்டை மொத்தம் 2 லட்சம்னு மேல சொன்னேன்ல, பக்கத்துல வச்சுப் பாருங்க. அவனுக்கு லட்சக்கணக்கான ஹெக்டேர் தைல மரத் தோட்டம் இருக்கு, மில்லச் சுத்தியே மரம். நம்ம மில்லுக்கு ஒரு லாரி ஒரத்தநாட்டுலேர்ந்து, இன்னொரு லாரி ஆந்திராவுலேர்ந்து. ஒரு டன் கூழ் எடுக்க நல்லா காஞ்ச மரமே 2 டன்னுக்கு மேல வேணும், பாதி மரம், நாரை ஒட்டி வச்சிருக்கிற லிக்னினும் மத்ததுமா கரைஞ்சு கருப்புத் திரவமாகி பாய்லர்ல எரியப் போயிடும். அதனால லாரி வாடகை எங்களுக்குப் பெரிய செலவு. கட்டை ரொம்ப ஏறுனா மில்லு பேசாம கப்பல்ல வர்ற கூழை வாங்கிக்கும். உங்க கட்டை வெலைக்கு மேல்கூரை அதுதான் தம்பி.

அரசாங்கம் 2025 ஆகஸ்ட்ல வெளிநாட்டு வெள்ளை அட்டைக்கு டன்னுக்கு 67,220 ரூபாய்க்குக் கீழ எறக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டுச்சு, 2026 மார்ச் வரைக்கும்னு. அது மில்லுக்கு மூச்சு விட்டுக்கக் குடுத்த தற்காலிக அவகாசம்தான், நிரந்தரம்னு நினைக்க முடியாது. மில்லு இருக்கும். 2023 வெலை மறுபடி வரும்னு மட்டும் நம்பி நடாதீங்க.

வேதாரண்யம்_பாலு

மாமா சொன்னது எல்லாம் சரி, ஆனா கொல்லையில நடக்குற கதைய நான் சொல்றேன். வெட்டுன அன்னைக்கும் அஞ்சாம் நாளுக்கும் எடையில எவ்ளோ வித்தியாசம்னு நட்டவனுக்குத்தான் தெரியும். பட்டை உரிச்சு அடுக்கி வச்சுட்டு "லாரி நாளைக்கு வரும் நாளைக்கு வரும்"னு ஒரு வியாபாரி இழுத்தான், வெயில்ல கட்டை காஞ்சு நுனியில வெடிப்பு விட்டுருச்சு, எடை மேடையில ஏத்துனா எனக்கே சந்தேகம் வந்துருச்சு இது நம்ம லோடுதானான்னு. வெட்டுக்கூலி, ஏத்துக்கூலி, வாடகை எல்லாம் நம்ம தலையில. அதனால லாரி வந்து நின்னாதான் அருவா எடுக்கணும்.

அப்புறம் மழைக்காலத்துல வெட்டலாம்னு நினைக்காதீங்க, ஐப்பசி கார்த்திகையில லாரி கொல்லைக்குள்ள எறங்காது. அந்த மாசங்கள்ல வரத்து கொறைஞ்சு வெலை கொஞ்சம் ஏறும், ரோட்டோரக் கொல்லைக்காரன் மட்டும் சம்பாதிப்பான்.

கஜா வந்த 2018 நவம்பர் 15 ராத்திரி, 16 விடியுறதுக்குள்ள எங்க பக்கம் சவுக்கெல்லாம் இடுப்பொடிஞ்ச மாதிரி படுத்துருச்சு. ஆனா ஒண்ணு, தென்னை போனவன் இன்னும் எழுந்திரிக்கல, சவுக்கு போட்டவன் சாஞ்சதை வெறகுக்காவது வித்துட்டு மறு வருஷமே நட்டான். எனக்கு அதுல இன்னும் நம்பிக்கை இருக்கு.

மில்ல மட்டும் நம்பாதீங்க. நேரா வந்த மரத்தைக் கழியா விக்கலாம், பந்தல்காரங்க வாங்குவாங்க, திருவையாறு பக்கம் வாழைக்கு முட்டுக் குடுக்க வாங்குவாங்க. கோணலும் பருத்ததும் கூழுக்கு, மிளாறு (சின்னக் கிளை) வெறகுக்கு. முன்னாடி சாரம் கட்டவே நிறைய போகும், இப்ப டவுன்ல எல்லாம் இரும்பு பைப்பு.

கும்மோணம் பிரஸ்

நான் பேப்பர் வாங்குற ஆளு, என் பக்கத்தையும் கேளுங்க. 2025 செப்டம்பர் 22லேர்ந்து நோட்டுக்கும் நோட்டு அடிக்கிற பேப்பருக்கும் ஜிஎஸ்டி கிடையாது, ஆனா மத்த பிரிண்டிங் பேப்பருக்கு 12லேர்ந்து 18 ஆக்கிட்டாங்க. புக்குக்கு வரியே இல்லாததால அந்த 18ஐ திருப்பி எடுக்க வழியில்ல, பதிப்பாளர் தலையிலதான். கல்யாணப் பத்திரிகை முன்னாடி ஆயிரம் அடிச்சவங்க இப்ப இருநூறு அடிச்சுட்டு மீதியை வாட்ஸ்அப்ல அனுப்பிடுறாங்க. ஆனா ஸ்வீட் கடை டப்பா, பூஜை சாமான் டப்பா ஆர்டர் கூடியிருக்கு, போன தீபாவளிக்கு எனக்கு ராத்திரி ஷிப்ட் ஓட்டுற அளவுக்கு வேலை. அதனால மாமா சொன்ன மாதிரி அட்டைதான் இனிமே.

மேட்டுக்கொல்லை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாமா, அப்ப சவுக்குக்குப் பதிலா தைல மரமோ மலைவேம்போ போட்டா? பிளைவுட்டுக்கும் போகும்னு நாத்து விக்கிறவரு சொல்றாரு.

பல்ப்மில் மாமா (கரூர்)

தைல மரம் வெட்டுனா அடிக்கட்டையிலேர்ந்து மறுதாம்பு வரும், திரும்ப நாத்துச் செலவு இல்ல, சவுக்குல அதை நம்ப முடியாது. ஆனா புதுக்கோட்டைப் பக்கம் தைலத் தோப்பு நிலத்தடித் தண்ணியை உறிஞ்சுதுன்னு வருஷக்கணக்கா சண்டை, கோர்ட்டு வரைக்கும் போயாச்சு. போரை நம்பி இருக்கிற இடத்துல நான் சொல்ல மாட்டேன். மலைவேம்பு பருக்கக் கூடுதல் வருஷம் ஆகும், கவாத்து பண்ண ஆள் வேணும், உங்களுக்கு ஆள்தான் பிரச்சனைங்கிறீங்க. சவுக்கு வேர்ல முடிச்சு இருக்கும், காத்துலேர்ந்து தழைச்சத்து எடுத்துக்கும், மணலுக்குச் சரியா வரும். தண்ணி தேங்குற மூலை இருந்தா அங்க மட்டும் வேண்டாம்.

வேதாரண்யம்_பாலு

மூணு ஏக்கரையும் ஒரே தடவை போடாதீங்க தம்பி, வருஷத்துக்கு ஒரு ஏக்கரா போடுங்க, ஒரு வருஷம் வெலை படுத்தாலும் இன்னொண்ணு நிக்கும். வெட்டாம ஒரு வருஷம் கூட விட்டாலும் மரம் பருக்கும், நெல்லு மாதிரி முளைச்சுப் போயிடாது. மொத வருஷம் வரிசைக்கு நடுவுல கடலையோ உளுந்தோ போட்டுக்கலாம். மில்லோட ஒப்பந்தம் போட்டா கொறைஞ்சபட்ச வெலை எழுத்துல இருக்கான்னு பாருங்க, வெட்டுற அன்னைக்கு மார்க்கெட் அதுக்கு மேல இருந்தா எதைக் குடுப்பாங்கன்னும் கேட்டு எழுதி வாங்குங்க. புரட்டாசி மழைக்கு முன்னாடி நட்டுடுங்க. பக்கத்துக் கொல்லைக்காரர் வரப்பை ஒட்டி நடாதீங்க, நாலு வருஷமும் நிழல் விழுதுன்னு அவரோட பஞ்சாயத்து பண்ணிக்கிட்டு இருப்பீங்க, எங்க சித்தப்பா இன்னும் பண்ணிக்கிட்டு இருக்காரு.