தடைக்காலச் சண்டைகள்: மனக்கசப்பு முற்றும் முன்பே செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

கேள்வி: தங்கச்சிமடம் ஆசிரியை

திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. என் கணவர் ராமேசுவரத்தில் விசைப்படகுக்குப் பங்குக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்தாலே வீட்டில் பேச்சு தடித்துவிடுகிறது. சென்ற வாரம் அடகில் இருக்கும் என் வளையலைப் பற்றிக் கேட்டதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனவர், இரவு பதினொரு மணி வரை கரையில் குவித்திருந்த வலையின் அருகிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் குடிப்பவரோ கை நீட்டுபவரோ அல்லர். பிரிவை நாங்கள் நினைத்ததுகூட இல்லை. அந்த நிலை வராதிருக்க என்ன செய்யலாம் என்பதை உளவியல் ஆய்வுகளைப் படித்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: குடும்பநல ஆலோசகர், மண்டபம்

சகோதரி, இந்த நேரத்தில் கேட்டதே நல்லது. ஜான் காட்மன், சிபில் கரேர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 124 புதுமணத் தம்பதியரைக் கருத்து வேறுபாடுள்ள ஒன்றைப் பற்றிப் பேசவைத்துப் பதிவுசெய்து, ஆறு ஆண்டுகள் கவனித்து, 1999இல் முடிவை வெளியிட்டார்கள். பின்னாளில் யார் பிரிவார்கள் என்பதை உரையாடலின் முதல் மூன்று நிமிடங்களைக் கொண்டே பெருமளவு கணிக்க முடிந்தது. பங்குப் பணம் வராத மாதத்தில் "வளையலை எப்போது மீட்பீர்கள்?" என்ற கேள்வி, நீங்கள் எவ்வளவு மெதுவாகக் கேட்டாலும், அவர் காதில் குற்றச்சாட்டாக விழக்கூடும். "வெறுங்கையோடு பள்ளிக்குப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது, எப்போது மீட்கலாம் என்று இருவரும் கணக்குப் பார்ப்போமா?" என்று, சாப்பாட்டு வேளையைத் தவிர்த்துத் தொடங்கிப் பாருங்கள். அவர் எழுந்து போவதும் தவறில்லை. நெஞ்சு படபடக்கும்போது காது கேட்காது. ஆனால் எப்போது திரும்பி வந்து பேசுவார் என்பதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

பதில் 2: கீழக்கரை வாசகர்

ஈலை ஃபிங்கல் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வையும் சேர்த்துச் சொல்கிறேன். அமெரிக்காவில் 120 தம்பதியரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். முதல் ஆண்டில் சராசரியாக மணநிறைவு குறைந்தது. இரண்டாம் ஆண்டில் பாதிப் பேர் மட்டும், அண்மையில் நடந்த ஒரு சண்டையை, இருவருக்கும் நல்லதையே நினைக்கும் மூன்றாவது ஆள் எப்படிப் பார்ப்பார் என்று ஏழு நிமிடம் எழுதினார்கள். ஆண்டுக்கு மூன்றே முறை. அவர்களிடம் அந்தச் சரிவு நின்றது, மற்றவர்களிடம் தொடர்ந்தது.

பதில் 3: பாம்பன் படகுக்காரர் மனைவி

தங்கச்சி, பேச்சை மட்டும் திருத்தினால் போதும் என்று எண்ணிவிடாதே. அமெரிக்காவில் எட்டு இடங்களில், வருமானம் குறைந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இணையருக்கு உறவுத்திறன் வகுப்பு நடத்திப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அவர்கள் சேர்ந்து வாழ்வதில் மொத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. கடன் நெருக்கும் வீட்டில் கடனையும் பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்கு அதிலிருந்து விளங்குவது. நாங்கள் தை மாதத்திலிருந்தே ஒவ்வொரு பங்கிலும் கொஞ்சம் ஒதுக்கி, தடைக்காலச் செலவை இருவருமாக நோட்டில் எழுதிவைக்கிறோம். சண்டை நின்றுவிடவில்லை, பணத்தைப் பற்றிய சண்டை குறைந்திருக்கிறது.

தங்கச்சிமடம் ஆசிரியை

நன்றி அக்கா, மற்ற இருவருக்கும் நன்றி. நேற்று அவரிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். நோட்டுப் போடச் சம்மதித்துவிட்டார். சண்டையைப் பற்றி எழுதத்தான் கூச்சப்படுகிறார். வாட்ஸ்அப்பில் குரல்பதிவாகச் சொன்னாலும் பலன் கிடைக்குமா?

கீழக்கரை வாசகர்

அந்த ஆய்வில் எழுத்தாகவே செய்தார்கள். இருந்தாலும் மூன்றாவது ஆளின் கண்ணால் நிதானமாக யோசிப்பதுதான் அதன் உயிர். அவர் பேசட்டும், நீங்கள் எழுதுங்கள்.