மறு: ‘சாஃப்ட் எட்ஜ்’: மென்விளிம்பா, வாசலா, முன்றிலா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். இழையைத் தொடங்கிய தோழி கேட்டது ஒரே ஒரு சொல். மக்கள் நெருங்கி வாழும் நகரங்களில் குடியிருப்புப் பகுதிகளை அங்கே வாழ்பவர்களின் நலனுக்கேற்ப வடிவமைப்பது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறார். அதில் ‘சாஃப்ட் எட்ஜ்’ என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, என்ன போடலாம் என்றார். நாமும் மென்விளிம்பு, இளகுவிளிம்பு, திண்ணை, முற்றம், வாசல் என்று அடுக்கிவிட்டோம். பொருள் என்ன என்பதை இன்னும் யாரும் விரித்து எழுதவில்லை. அதை முதலில் பார்த்துவிட்டு, நான் முன்மொழியும் ‘முன்றில்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். மடல் நீளும், பொறுத்தருள்க.

> மென் + விளிம்பு. நேரான சொல், குழப்பமில்லை. இதற்குமேல் ஏன் தேட வேண்டும்?

குழப்பம் இருக்கிறது ஐயா. படங்களைத் திருத்தும் மென்பொருள்களில் மங்கலாகக் கரையும் ஓரத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். அங்கே மென்விளிம்பு அழகாகப் பொருந்தும். கட்டடத்தில் மென்மையானது எது? படிப்பவர் சுவருக்குப் பஞ்சு வைத்தார்களோ என்றுதான் நினைப்பார்.

டென்மார்க் கட்டடக் கலைஞர் யான் கெல் இந்தச் சொல்லைப் பரப்பியவர். அவர் சொல்வது, கட்டடத்தின் தரைத்தளமும் தெருவும் சந்திக்கிற ஒடுக்கமான பட்டையைப் பற்றி. இரண்டு படிகள், உள்வாங்கிய கதவு, உட்காரத் தோதான சுவர்த்திட்டு, நான்கு தொட்டிச்செடிகள், தாழ்வான சன்னல் எல்லாம் சேர்ந்தது அது. முழுக்க வீடும் இல்லை, முழுக்கத் தெருவும் இல்லை. நூறு மீட்டர் தெருவில் 15 முதல் 20 கதவுகள் இருந்தால் நடப்பவருக்கு நாலைந்து விநாடிக்கு ஒருமுறை பார்க்கப் புதிதாக ஏதாவது கிடைக்கும் என்பது அவர் கணக்கு. அதே நூறு மீட்டரும் வண்டி நிறுத்துமிடத்தின் சுவராக இருந்தால் ஒன்றே கால் நிமிடத்துக்கும் மேல் வெறும் சுவர்தான்.

கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரே தெரு, எதிரெதிரே இரண்டு அடுக்ககங்கள். ஒன்றின் கீழ்த்தளம் முழுக்க வண்டிகள், இரும்புக் கதவு, அதற்கப்பால் மின்தூக்கி. மற்றதில் நுழைவாயிலுக்கு முன்னால் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு உயர்த்திய ஒரு தளம், அதில் ஒரு நாற்காலி. மாலையில் ஒரு பெண் இரண்டு கையிலும் பைகளோடு வருகிறார். சாவியை எடுக்கப் பைகளைப் படியில் வைக்கிறார். நாற்காலியில் இருக்கும் முதியவர் ஏதோ கேட்கிறார். சாவி கைக்கு வந்த பிறகும் மூன்று நிமிடம் பேச்சு தொடர்கிறது. எதிர்க்கட்டடத்துக்கு அதே நேரத்தில் வந்தவரை இரும்புக் கதவு ஒரு வார்த்தைக்கும் இடம் தராமல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. பைகளை வைக்க இடம் இருந்ததுதான் அந்தப் பேச்சுக்குக் காரணம். அந்த இடத்துக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

அந்தத் தளத்தின் உயரத்தையும் கவனித்தேன், அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதன் மேல் நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண்ணும் தெருவில் நிற்பவரின் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வந்துவிடுகின்றன. உட்கார்ந்தவர் அண்ணாந்து பார்க்க வேண்டாம், நிற்பவர் குனிய வேண்டாம்.

இனி, நெரிசலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டவருக்கு. என் பார்வையில் கையேட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஒரு பரப்பில் எத்தனை பேர் என்பது ஒன்று, நெருக்கப்படுகிறோம் என்று ஒருவர் உணர்வது வேறொன்று என்று உளவியலாளர் டேனியல் ஸ்டோகல்ஸ் 1972இல் பிரித்துக் காட்டினார். அதற்கும் முன்பே, 1961இல், நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் ஒரு நிலத்தில் வீடுகள் அடர்ந்திருப்பதையும் ஓர் அறைக்குள் ஆட்கள் அடைந்து கிடப்பதையும் ஒன்றாக்காதீர்கள் என்று வாதிட்டிருக்கிறார். தோழியின் வரைவில் இரண்டுக்குமே ‘நெரிசல்’ என்று இருக்கிறது. தயவுசெய்து பிரியுங்கள். முதலாவது அடர்த்தி. இரண்டாவதுதான் நெரிசல். நெரிதல் என்பது படுகிறவரின் சொல், அங்கே அது கச்சிதமாக உட்காரும். நெருக்கம் வேண்டாம், அன்புக்கும் அதே சொல்லாகிவிட்டது.

அடர்த்தி மாறாமலே நெரிசல் மாறும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று 1977இல் உளவியலாளர்கள் ஆண்ட்ரூ பாமும் ஸ்டூவர்ட் வாலின்ஸும் வெளியிட்ட மாணவர் விடுதி ஆய்வு. ஒருவகை விடுதியில் நீண்ட நடைவழி. 34 பேருக்கு ஒரே குளியலறையும் ஒரே கூடமும். இன்னொரு வகையில் நான்கு முதல் ஆறு பேர் சேர்ந்து ஒரு சிறு கூடம். ஆளுக்குக் கிடைத்த இடம் ஏறக்குறைய சமம். ஆனாலும் நடைவழிக்காரர்கள்தாம் நெரிசலை மிகுதியாக உணர்ந்தார்கள். யாரை, எப்போது எதிர்கொள்வது என்பது அவர்கள் கையில் இல்லை. அந்தப் பழக்கம் விடுதியோடு நிற்கவும் இல்லை. வேறோர் அறையில் காத்திருக்கச் சொன்னபோதும் அறிமுகமில்லாதவரைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள், முகத்தைப் பார்ப்பதையும் குறைத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த புரூயிட்-ஐகோ குடியிருப்பு பலருக்குத் தெரிந்திருக்கும். 11 மாடிகளில் 33 கட்டடங்கள், இடிக்கத் தொடங்கியது 1972இல். அதை ஆராய்ந்த கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நியூமன் கவனித்தது இது: இரண்டே குடும்பங்கள் பகிர்ந்த லேண்டிங் (மாடிப்படி முடிந்து வீட்டுக் கதவுகளுக்கு முன்னால் வரும் தளம்) துப்புரவாக இருந்தது, இருபது குடும்பங்களின் நடைவழி சீரழிந்து கிடந்தது. அந்தக் குடியிருப்பு விழுந்ததற்கு வறுமை, பராமரிப்புப் பணம் இல்லாமை என்று வேறு காரணங்களும் உண்டு, முழுப்பழியையும் வடிவத்தின் மேல் போடுவது நியாயமில்லை. ஆனாலும் ஒரே கட்டடத்துக்குள் அதே மக்கள் இரண்டு இடங்களை இரண்டு விதமாக வைத்திருந்தார்கள் என்பதைத் தள்ளிவிட முடியாது.

யாரை எதிர்கொள்வது என்ற தேர்வைக் கையில் தருவது சிலர் மட்டும் பகிரும் இந்தச் சிறிய இடைவெளிதான், அது மாடியிலும் உண்டு. ஆக, நாம் தேடும் சொல் தரைத்தளத்தோடு நின்றால் போதாது. நாலாம் மாடியில் இரண்டு கதவுகளுக்கு நடுவே உள்ள லேண்டிங்கையும் அது சுட்ட வேண்டும். திண்ணை இங்கேதான் தோற்கிறது. அது ஒரு குறிப்பிட்ட கட்டுமானத்தின் பெயர். தவிர, மடலில் ஒருவர் சரியாகவே சுட்டியதுபோல, யார் அதில் உட்காரலாம், யார் கூடாது என்ற பழைய கணக்கும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. முற்றம், ஒரு பகுதியினருக்கு வீட்டுக்கு நடுவே, இன்னொரு பகுதியினருக்கு வீட்டுக்கு முன்னால்.

வாசல்தான் வலுவான போட்டி.

> நாளும் புழங்கும் சொல்லை விட்டுவிட்டு முன்றிலைத் தோண்டுவது புலமைக் காட்சி.

அப்படிச் சொன்ன அம்மாவுக்கு என் மறுமொழி: வாசல் எனக்கும் பிடித்த சொல். ஆனால் ‘வாசலில் நிற்கிறார்’ என்றால் கதவுநிலையில் நிற்கிறாரா, வெளியே நிற்கிறாரா? பேச்சில் அது தடையே இல்லை. ‘வாசலின் ஆழம் ஒன்றரை மீட்டருக்குக் குறையக் கூடாது’ என்று விதியில் எழுதிப் பாருங்கள், தச்சர் நிலைச்சட்டத்தை அளக்கப் போய்விடுவார். கலைச்சொல்லுக்கு அந்தத் தளர்ச்சி ஆகாது.

முன்றில் தோண்டி எடுக்க வேண்டிய சொல்லும் அன்று. இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியிலேயே படிக்கிறோம்: இல் முன் என்பது முன்றில் ஆயிற்று. வீட்டுக்கு முன் என்பதுதான் முழுப்பொருள். கல்லா, மண்ணா, படியா, தளமா என்று எதையும் கட்டிப்போடவில்லை. ஆதலால் லேண்டிங்குக்கும் செல்லும்.

இன்னொரு காரணம் குறுந்தொகை 46. அதில் வரும் வீட்டுக்குருவி முன்றிலில் காயப்போட்டதைத் தின்கிறது, மன்றத்து எருவின் நுண்பொடியில் குடைந்து ஆடுகிறது, வீட்டுக் கூரையின் தாழ்ந்த ஓரத்தில் தன் குஞ்சுகளோடு தங்குகிறது. இல், முன்றில், மன்றம். தன்னிடம், இடைநிலை, பொதுவிடம் என்று நகரமைப்பாளர்கள் நான்கைந்து சொற்களைச் சேர்த்து விளக்கும் படிநிலையை ஒரு குருவி ஒரே நாளில் பறந்து முடித்துவிடுகிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. இந்த மூன்று சொற்களில் மன்றத்தைச் சட்டமன்றம், நீதிமன்றம் என்று வேறு வேலைக்கு அனுப்பிவிட்டோம், திரும்பப் பெற முடியாது. முன்றில் மட்டும் இன்னும் வேலையின்றிக் காத்திருக்கிறது.

வீட்டுச் சொல்லை இப்படி எடுத்தாள்வது புதிதும் இல்லை. வண்டிகள் மெல்ல ஊர்ந்து, குழந்தைகள் நடுவே விளையாடும் தெருவை டச்சுக்காரர்கள் ‘வூனெர்ஃப்’ என்கிறார்கள். ‘வூன்’ என்றால் குடியிருத்தல், ‘எர்ஃப்’ வீட்டைச் சுற்றிய மனை. 1976இல் அது அவர்கள் சட்டத்துக்குள்ளேயே போய்விட்டது. நியூயார்க் வீடுகளின் முன்படிக்கட்டான ‘ஸ்டூப்’பும் டச்சிலிருந்து போனதுதான்.

> முன்றிலில் என்பது நாவில் தடுக்குகிறது.

வாசலில், வெயிலில், ரயிலில் என்று சொல்லும் நாவுக்கு இது தடுக்காது, நான்கு முறை சொன்னால் பழகிவிடும்.

சொல் கிளைக்கிறதா என்றும் பார்த்தேன். முன்றில் ஆழம், முன்றில் உயரம், முன்றிலுள்ள தெரு, முன்றிலற்ற கட்டடம். நியூமனின் லேண்டிங்குக்குப் பகிர்முன்றில். ‘ஹார்டு எட்ஜ்’ என்பதற்கு வன்விளிம்பு தேவையே இல்லை. மொட்டைச்சுவர் என்று மக்களே சொல்கிறார்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு பெரிய குறையைத் தோழி தனிமடலில் கேட்டார்: முன்றில் வைத்தும் தெருவில் வண்டிகள் பாய்ந்தால்? உண்மை. நகரமைப்பாளர் டொனால்ட் ஆப்பிள்யார்ட் 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஆராய்ந்தார். நாளொன்றுக்கு 2,000 வண்டிகள் ஓடிய தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். 16,000 வண்டிகள் அளவுக்கு ஓடிய தெருவில் 0.9. ‘உங்கள் இடம்’ எதுவரை என்று கேட்டால் அமைதியான தெருக்காரர்கள் தெரு முழுவதையும் காட்டினார்கள். இரைச்சல் தெருவில் அது வீட்டுச் சுவருக்குள் சுருங்கிவிட்டது. அதனால் கையேட்டில் முன்றில் பற்றிய பகுதியைத் தனியாக விடாமல் வண்டி வேகம் பற்றிய பகுதிக்குப் பக்கத்திலேயே வைக்கும்படி பதிப்பாசிரியரிடம் கேளுங்கள். அது மொழிபெயர்ப்பாளரின் வேலை இல்லைதான், ஆனாலும் கேளுங்கள்.

பட்டியலுக்கு என் வரைவு:

முன்றில்: குடியிருப்பின் கதவுக்கும் பொதுவழிக்கும் இடையில், இரண்டுக்கும் பாதியளவு உரிமையாகி, நிற்கவும் உட்காரவும் பொருள் வைக்கவும் இடம்தரும் பட்டை. அடுக்ககத்தின் உள்ளே சில வீடுகள் பகிரும் இடமானால் பகிர்முன்றில்.

‘பாதியளவு உரிமை’ சட்டக்காரர்கள் கண்ணில் உறுத்தும் என்று தெரியும். இந்தக் குழுவில் நிலவுரிமைச் சட்டம் அறிந்த இருவர் இருக்கிறீர்கள்; அந்த இடத்துக்கு நல்ல தொடர் தாருங்கள். அதுவரை பட்டியலில் அடர்த்தி, நெரிசல் வரிகளை மட்டுமாவது பிரித்துவிடலாம், அவற்றுக்கு யாரும் மறுப்பு சொல்லவில்லை.

அன்புடன்