3 வருட சர்வே கேம்ப் டேட்டாவை ஒரே வரைபடமாக்குவது எப்படி?

மண்வெட்டி:
கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் சிவில் துறையில் இருக்கிறேன். 3 வருடமாக சர்வே கேம்ப் வளாகத்துக்குள்ளேயேதான் நடக்கிறது. டோட்டல் ஸ்டேஷனில் (கோணமும் தூரமும் அளக்கும் சர்வே கருவி) பசங்க எடுத்த புள்ளிகளை எல்லாம் சேர்த்து கான்டூர் (சம உயரக் கோடுகள்) வரையும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். 14 குழு, 14 சிஎஸ்வி ஃபைல். நூலகத்துக்கு முன்னால் உள்ள ஒரே மேன்ஹோலுக்கு 100.420, 100.620, அப்புறம் 412.370 என்று மூன்று லெவல் (மீட்டரில் உயரம்)! மைதானம் படிக்கட்டு மாதிரி வருகிறது. ஒரு குழுவின் ஹாஸ்டல் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பி நிற்கிறது. பேசாமல் சராசரி எடுத்துவிடலாமா?

லெவல்பார்வை:
ஐயோ, சராசரி வேண்டாம் சார், தப்பு எங்கே என்று அப்புறம் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. முதலில் அசல் ஃபைல்களைத் தனியாக ஒரு இடத்தில் வையுங்கள், அதில் கை வைக்கவே கூடாது, திருத்தம் எல்லாம் நகலில்தான். ஹாஸ்டல் திரும்பியது ஈஸ்டிங் (கிழக்கு தூரம்), நார்திங் (வடக்கு தூரம்) நெடுவரிசைகள் இடம் மாறியதால். மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். சரியாக 20 செ.மீ. கூடுதலாக வருகிறது என்றால் பிரிசம் கம்பத்தை (புள்ளியின் மேல் பிடிக்கும், கருவி குறிபார்க்கும் கண்ணாடி வைத்த கம்பம்) 1.5 மீட்டருக்கு ஏற்றிவிட்டு கருவியில் 1.3 என்றே விட்டிருப்பார்கள். அது எந்தப் புள்ளியிலிருந்து ஆரம்பித்தது என்று பாருங்கள், பாதியில்தான் கம்பத்தை ஏற்றியிருப்பார்கள், மொத்த ஃபைலிலும் கழித்துவிட்டால் நல்ல புள்ளிகளும் கெடும். 412 குழு கடல் மட்டத்திலிருந்து லெவல் கொண்டுவந்திருக்கிறது, மற்றவர்கள் டிபிஎம்மை (உயரத்துக்கான தற்காலிக ஆதாரப் புள்ளி) 100 என்று வைத்துக்கொண்டவர்கள். ஆட்டோ லெவலில் (உயர வித்தியாசம் மட்டும் அளக்கும் கருவி) எல்லா டிபிஎம்மையும் தொட்டு ஒரு சுற்று வந்து, ஆரம்பித்த புள்ளியிலேயே மூடுங்கள். அனுமதிக்கும் பிழை மி.மீ.-இல் 12 × √(கி.மீ.-இல் தூரம்) என்ற கணக்குப்படி 1.5 கி.மீ. சுற்றுக்குச் சுமார் 15 மி.மீ. வரை பிழை வரலாம், அதற்கு மேல் போனால் மறுபடி நடக்க வேண்டியதுதான்.

பழைய தியோடலைட்:
யூடிஎம் (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் முறை) மண்டலத்தையும் பாருங்கள். சென்னை, திருச்சிக்கு 44, கோவைக்கு 43. நெட்டில் பார்த்து 44 என்று போட்டிருந்தால் உங்கள் வளாகம் வங்காள விரிகுடாவில் மிதக்கும். டிஜிபிஎஸ் (திருத்தம் சேர்த்த துல்லிய ஜிபிஎஸ்) உயரத்தை அப்படியே லெவலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நம் பக்கத்தில் அதற்கும் கடல் மட்ட உயரத்துக்கும் பல பத்து மீட்டர் வித்தியாசம் வரும்.

மண்வெட்டி:
பிரிசம் விஷயம் அப்படியே சரி! ஃபீல்ட் புக்கில் 87வது புள்ளிக்குப் பக்கத்தில் "புதர், கம்பம் ஏற்றியது" என்று பென்சிலில் எழுதியிருக்கிறான் ஒரு புண்ணியவான். ஆனால் 412 குழுவின் ஃபீல்ட் புக்கையே காணோம்.

லெவல்பார்வை:
புக் இல்லாவிட்டால் பொதுவான புள்ளிகள் நாலைந்தைத் தேடி, லெவல் வித்தியாசம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைக் கழித்துச் சேர்க்கலாம். இடத்துக்கு இடம் மாறினால் அந்தக் குழுவை விட்டுவிடுங்கள், அந்தப் பகுதியை இந்த வருட பசங்க அளக்கட்டும்.