மாசமா இருக்கேன், மடியில வச்சிருந்த பையனுக்கு அம்மை போட்டிருக்கு, என்ன பண்றது?

கொடிமுல்லை:
எனக்கு இப்போ 14 வாரம், முதல் குழந்தை. போன ஞாயித்துக்கிழமை திருச்சியில நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம், அவங்க பையன் யூகேஜி, நாள் பூரா என் மடியிலயேதான் இருந்தான், நான்தான் தயிர்சாதம் ஊட்டி விட்டேன். காதுக்குப் பின்னாடி தண்ணி கோத்த மாதிரி ஒரே ஒரு கொப்புளம், கொசுக்கடின்னு நெனச்சு நானே தேங்கா எண்ணெய் தொட்டு வச்சேன். நேத்து போன் வருது, அம்மா போட்டிருக்கு, உடம்பெல்லாம் முத்து, வாசல்ல வேப்பிலை சொருகியாச்சுன்னு. எனக்கு சின்ன வயசுல வந்துச்சான்னு தெரியல, அம்மா இப்போ இல்ல. மாமியார் இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரி போகக்கூடாது, ஆத்தாவை வேண்டிக்கோங்கறாங்க. அடுத்த செக்கப் 12 நாள் கழிச்சுதான், அதுவரைக்கும் வெயிட் பண்ணலாமா? நேத்துலருந்து தூக்கமே இல்ல.

ரெண்டு பசங்க அம்மா:
வெயிட் பண்ணாதீங்கடா, இன்னைக்கே டாக்டருக்கு போன் போடுங்க. நேரா போய் உக்காராம போன்ல சொல்லிட்டுப் போங்க, ஏன்னா எனக்கு இப்படி ஆனப்ப நான் எதுவும் சொல்லாம போய் மாசமா இருக்கறவங்க நடுவுலயே ஒன்றரை மணி நேரம் உக்காந்திருந்தேன், அப்புறமா எனக்கே அம்மை வந்துச்சு, அன்னைக்கு எனக்குப் பக்கத்துல இருந்தவங்கள நெனச்சு இன்னைக்கும் மனசு உறுத்தும். மாமியார்கிட்ட சண்டை வேணாம், ஆத்தாவையும் கும்பிட்டுக்கறேன் டாக்டரையும் பாத்துட்டு வரேன்னு சொல்லுங்க.

பழைய ஸ்டாஃப் நர்ஸ்:
முதல்ல பதறாதீங்க மா. கொப்புளம் கிளம்பறதுக்கு 1-2 நாள் முன்னாடியிருந்தே சின்னம்மை ஒட்டும், எல்லாம் காஞ்சு பொருக்கு தட்டற வரைக்கும் ஒட்டும், அதனால உங்களோடது உண்மையான காண்டாக்ட்தான். டாக்டர்கிட்ட வேரிசெல்லா (சின்னம்மை) ஐஜிஜின்னு ரத்த டெஸ்ட் கேளுங்க. அதுல பாசிட்டிவ்னா நல்ல சேதி, எதிர்ப்பு சக்தி ஏற்கனவே இருக்குன்னு அர்த்தம். நெகட்டிவ்னா இம்யூனோகுளோபுலின்னு எதிர்ப்பு சக்தியையே நேரா உடம்புல ஏத்தற ஊசி உண்டு, பழகின நாள்ல இருந்து 10 நாளுக்குள்ள போடணும், சீக்கிரம் போட்டா நல்லது. எல்லா ஊர்லயும் உடனே கிடைக்காது, விலையும் ஜாஸ்தி, அதுக்குத்தான் நாள் கடத்தாதீங்கன்னு சொல்றது. அது கிடைக்கலன்னா அசைக்ளோவிர்னு வைரஸ் கிருமிக்கான மாத்திரை தர்றதும் உண்டு, அதை டாக்டர்தான் முடிவு பண்ணணும், நீங்களா வாங்கிப் போடக்கூடாது. 20 வாரத்துக்குள்ள தாய்க்கு அம்மை வந்தாலும் குழந்தையைப் பாதிக்கறது 100ல 1-2 பேருக்குத்தான். என் பயம் உங்களப் பத்திதான், மாசமா இருக்கறவங்களுக்கு நிமோனியா வந்தா ரொம்பப் படுத்தும். 21 நாள் வரைக்கும் காய்ச்சல், கொப்புளம் கவனிங்க, மூச்சு வாங்குனா ராத்திரின்னாலும் கிளம்பிடுங்க. சின்ன வயசுல எல்லாருக்கும் வந்திருக்கும்னு மட்டும் நம்பாதீங்க, நம்மள மாதிரி வெப்ப ஊர்கள்ல பெரியவங்க ஆகற வரைக்கும் வராதவங்க நிறைய.

தஞ்சாவூர்க்காரி:
இப்பவே சின்னம்மை தடுப்பூசி போட்டுக்க முடியாதா?

பழைய ஸ்டாஃப் நர்ஸ்:
கூடாது மா, அது உயிருள்ள கிருமிய பலவீனப்படுத்தி செய்யற ஊசி, கர்ப்பத்துல போடறதில்ல. ருபெல்லா, அதாவது ஜெர்மன் தட்டம்மை, அதுக்கான ஊசியும் அப்படித்தான். கல்யாணமானவங்க யாராச்சும் இத படிச்சா, கர்ப்பத்துக்கு முன்னாடியே ரெண்டையும் பத்தி டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க, முதல் 3 மாசத்துல ருபெல்லா வந்தா குழந்தையோட கண்ணு, காது, இதயம் எல்லாத்தையும் பாதிக்கும்.

கொடிமுல்லை:
அன்னைக்கு சாயங்காலமே போனோம், பின்பக்க வழியா தனியா கூட்டிட்டுப் போய் ரத்தம் எடுத்தாங்க. அந்த ரெண்டு நாள் எப்படிப் போச்சுன்னே தெரியல. நேத்து ரிசல்ட் வந்துச்சு, ஐஜிஜி பாசிட்டிவ்!! அப்பாவோட தங்கச்சிக்கு போன் பண்ணி அழுதுட்டேன், அத்தை உடனே சொல்றாங்க, ரெண்டாங்கிளாஸ் லீவுல எங்க வீட்டுலதான்டி உனக்கு போட்டிருந்துச்சு, மூணு தண்ணி ஊத்துனதே நான்தான், வலது புருவத்துக்கு மேல பாரு, குழி இருக்கும்னு. கண்ணாடியில போய் பாத்தேன், இருக்கு.