ராரிட்டன் விரிகுடாவில் ஸ்ட்ரைப்பர்: படகில் முதல் சீசன்

எடிசன்வாசி:
நியூ ஜெர்சி ராரிட்டன் விரிகுடாவில போன வருஷம் முழுக்க கரையில நின்னுதான் ஸ்ட்ரைப்பருக்கு (உடம்புல கோடு ஓடுற பாஸ் மீன்) தூண்டில் போட்டேன். இந்த வருஷம் நண்பரோட சேர்ந்து சின்ன படகு ஒண்ணு வாங்கியாச்சு. மார்ச்சிலேயே இறங்கலாமா? என்ன இரை? அம்மா ஊர்லேருந்து வந்திருக்காங்க. பெரிய மீனாப் பிடிச்சு குழம்பு வைக்கணும்னு ஆசை.

கீபோர்ட் அண்ணன்:
தம்பி, மார்ச் 1 அன்னிக்கு விரிகுடாவில ஸ்ட்ரைப்பர் பிடிக்க அனுமதி திறந்துடும். ஆனா தண்ணி அப்போ சில்லுனு இருக்கும். வெயில் பட்டு முதல்ல சூடாகிறது ஆழமில்லாத சேத்துப் பகுதிதான். மதியத்துக்கு மேல, கடல் ஏத்தம் ஆரம்பிச்சதும் அங்க புழு போட்டுப் பாருங்க. சின்னதுங்க கடிக்கும்.

நிஜமான சீசன் ஏப்ரல் கடைசியில, பங்கர்ங்கிற இரை மீன் கூட்டம் உள்ள வந்த பிறகு. ஹட்சன் ஆத்துல முட்டை போடுற பெரிய ஸ்ட்ரைப்பருங்க அந்த பங்கரைத் தின்னுட்டுத்தான் போகும், வரும். பங்கர் தண்ணி மேல சலசலன்னு வட்டம் போடும். மூணு முனைக் கொக்கியை எறிஞ்சு இழுத்து ஒண்ணைக் குத்திக்கணும். பழைய ஆளுங்க அதே கொக்கியில அப்படியே மூழ்க விடுவாங்க. இப்போ அது கூடாது. 2021லேருந்து உயிர் இரை, வெட்டின இரை எதுக்கும் வட்டக் கொக்கிதான். அதனால ரெண்டாவது தூண்டில் தடியை வட்டக் கொக்கியோட தயாரா வெச்சுக்குங்க. பங்கரைக் கழட்டி, மூக்குல கோத்து, கூட்டத்தோட ஓரத்துல விடுங்க. மீன் இழுத்தா வெடுக்குனு சுண்டாதீங்க. தூண்டில் நரம்பு இறுகட்டும், கொக்கி தானா வாய் ஓரத்துல மாட்டும். குடல்ல மாட்டினா அந்த மீன் பிழைக்கிறது கஷ்டம்.

அம்மா ஆசைப்படுற பெரிய மீன் வீட்டுக்கு வராது, தம்பி. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒண்ணு, 28 அங்குலத்துலேருந்து 31க்குள்ள. நாப்பது அங்குல மீன் பெரும்பாலும் பொட்டை, வயிறு நிறைய லட்சக்கணக்குல முட்டை. எண்பதுகள்ல இந்த இனமே சரிஞ்சு, மேரிலாந்து 1985லேருந்து 1990 வரைக்கும் பிடிக்கிறதையே தடை பண்ணுச்சு. அப்புறம்தான் மீண்டுச்சு. இப்போ 2019லேருந்து மேரிலாந்து பக்கத்து செசபீக் விரிகுடாவில குஞ்சு பொரிப்பு மறுபடி மோசம். எனக்கு இது ரொம்பக் கவலை. பெருசு வந்தா தண்ணியிலேயே வெச்சு கொக்கியை எடுங்க. படம் எடுக்கணும்னா ரெண்டு கையாலயும் வயித்தைத் தாங்கிப் பிடிங்க, தாடையில தொங்க விடாதீங்க. வால் அடிச்சுக் கையை உதறிட்டுப் போற வரைக்கும் விடாதீங்க.

பெல்மார் படகு:
ஜூன்ல பெருசுங்க வடகிழக்கே மான்டாக், பிளாக் ஐலண்ட் பக்கம் ஏறிடும். கோடையில இங்க ஃப்ளூக்ங்கிற தட்டை மீனைப் பாருங்க. அக்டோபர் கடைசியிலேருந்து ஸ்ட்ரைப்பர் திரும்பி வரும். கேனட்ங்கிற கடல் பறவை மீனுக்காக எங்க தலைகீழாப் பாயுதோ அங்க ஓட்டுங்க. ஒண்ணு மட்டும்: கரையிலேருந்து மூணு மைல் தாண்டினா ஸ்ட்ரைப்பர் பிடிக்கிறதே குத்தம், விட்டுடறதா இருந்தாலும். பறவை பின்னாடியே போய் அந்த மூணு மைல் எல்லையைத் தாண்டிடாம ஜிபிஎஸ்ஸைப் பாருங்க.

எடிசன்வாசி:
ரொம்ப நன்றி அண்ணா. 28 அங்குலம் குழம்புக்கு நல்லா இருக்குமா?

கீபோர்ட் அண்ணன்:
அருமையா இருக்கும், சதை கெட்டி, புளிக்குழம்புல உடையாது. தோலையும் நடுவுல ஓடுற கருஞ்சிவப்புச் சதையையும் கொழுப்பையும் எடுத்துடுங்க, பிசிபிங்கிற நச்சு ரசாயனம் அங்கதான் சேரும். தலை வேண்டாம். வீட்டுல கர்ப்பிணி, சின்னக் குழந்தைங்க இருந்தா அவங்களுக்கு இந்த மீனே வேண்டாம், மாநிலமே அப்படித்தான் சொல்லுது.