அறுவடை வண்டி ஆயிலுக்கு மின்புல கிளீனர்: வாங்கலாமா, வேண்டாமா?

வடுவூர் வண்டி:
சம்பா அறுவடைக்கு முன்னாடி செயின் அறுவடை வண்டிகளோட ஹைட்ராலிக் ஆயிலைக் கவனிக்கணும். விற்க வந்தவர் ஒரு பெட்டி காட்டுறார். உள்ளே மின்தகடுகள், நடுவுல மடிப்புக் காகிதம், 10,000 வோல்ட் டிசி, ஆயில் மெதுவா ஓடும். தூசி, தண்ணீர் ரெண்டும் போகும், பேரல் டீசலுக்கும் மாட்டலாம்னு சொல்றார். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குடவாசல் பணிமனை:
காசு தண்டம் அண்ணே. அந்த மாதிரிப் பெட்டிக்குப் பொதுவா சொல்ற எல்லை 500 பிபிஎம் (பத்து லட்சத்துல 500 பங்கு) தண்ணீர். 60 லிட்டர் தொட்டியில அது வெறும் 30 மில்லி, இருமல் மருந்து மூடியில மூணு தடவை. ஐப்பசி மழையில நனைஞ்ச வண்டியோட பிரீதர் (ஆயில் தொட்டிக்குக் காற்று போய்வர்ற மூடி) வழியாவே அவ்வளவு இறங்கிடும். அதுக்கு மேல போனா தகடுகளுக்கு நடுவுல கரண்டு ஏறும், பொறி பறக்கும், காகிதம் கருகும்.

திருமருகல் கச்சா:
மின்புலம் தண்ணீரைப் பிரிக்காது என்கிறீர்களா? நாகப்பட்டினம் பக்கம் பனங்குடியில் 1993-இலேயே சுத்திகரிப்பு ஆலை வந்தது. எந்தக் கச்சா எண்ணெய் ஆலையானாலும் உப்பு நீக்கும் கலன் இந்தத் தத்துவம்தான். கிரிட் தகடுகளில் 15 முதல் 35 கிலோவோல்ட். துளிகள் இருமுனையாகி ஒன்றையொன்று இழுத்துச் சேரும். ஆரம் இரட்டித்தால் அடியில் படியும் வேகம் நான்கு மடங்கு. அமெரிக்க வேதியியலாளர் காட்ரெல் இதற்குக் காப்புரிமை வாங்கி நூறு வருஷத்துக்கு மேலாகிறது, 1911.

குடவாசல் பணிமனை:
சரிங்க சார், அங்கே எண்ணெயை எவ்வளவு சூடாக்குறாங்க, எவ்வளவு தண்ணீர் ஊத்துறாங்க, அதையும் சொல்லுங்களேன்.

திருமருகல் கச்சா:
120 முதல் 150 டிகிரி. எண்ணெய் இளகினால்தான் துளி நகரும். கழுவுநீர் 3 முதல் 8 சதவீதம், கலக்கும் வால்வில் ஒரு பார் அளவுக்கு அழுத்த இழப்பு, குழம்பை உடைக்கும் மருந்தான டீமல்சிஃபையர் கொஞ்சம். வால்வை அதிகம் நெருக்கினால் துளி பொடியாகி, பிரியாத குழம்பாகவே நின்றுவிடும். நெருக்காவிட்டால் உப்பு கரையாது. உப்பு தங்கினால் மக்னீசியம், கால்சியம் குளோரைடு சூட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி, வடிகோபுரத்தின் தலைக் குழாயை அரிக்கும். ஷார்ட் ஆனாலும் எரியாதபடி, கரண்டைத் தானே கட்டுப்படுத்தும் முழு ரியாக்டன்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் வைப்பார்கள்.

குடவாசல் பணிமனை:
அதேதான் என் கேள்வி. தண்ணீரைப் பிரிக்க எதுக்குத் தண்ணீர் ஊத்துறாங்க? உப்பைக் கரைக்க மட்டும் இல்லை. துளிகளுக்கு நடுவுல இருக்கிற தூரத்தோட நாலாம் அடுக்குக்கு ஏத்த மாதிரி இழுவிசை குறையும். 5 சதவீதத்துல தூரம் ஆரத்தைப்போல நாலரை மடங்கு. 500 பிபிஎம்-ல இருபது மடங்கு. விசை ஏறக்குறைய 450-ல ஒரு பங்கு. நம்ம ஆயில்ல பாதித் தண்ணீர் கரைஞ்சே இருக்கு, அதுக்குத் துளியே கிடையாது. ஆலைக் கணக்கு இங்கே செல்லாது.

திருமருகல் கச்சா:
கணக்கு சரி. தண்ணீருக்கு அந்தப் பெட்டி இல்லை என்பதில் தகராறு இல்லை. ஆனால் 'காசு தண்டம்' என்பது தவறு. 10 மைக்ரான் ஃபில்டர் பிடிக்காத வார்னிஷ், அதாவது ஆயில் கெட்டு உண்டாகும் பிசின், ஒரு மைக்ரானுக்கும் கீழே. வால்வுக்குள் நகரும் தண்டான ஸ்பூலில் பழுப்பாக ஒட்டி, காலையில் லீவரை இறுக்குவது அதுதான். மின்னேற்றம் உள்ள துகள் நேரே தகட்டை நோக்கிப் போகும். ஏற்றமில்லாதது மடிப்பின் முனையில் புலம் செறிவாக இருக்கும் இடத்துக்கு இழுக்கப்படும். இதைச் சாதாரண வடிகட்டி செய்யாது.

மன்னார்குடி லேப்:
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. டப்பாவில என்ன எண்ணெய்னு பாருங்க. சாதாரண விஜி 46, 68 (பிசுக்குத் தர எண்) ஹைட்ராலிக் ஆயிலா இருந்தா பெட்டி வேலை செய்யும். டிராக்டர் கியர், பிரேக், ஹைட்ராலிக் மூணுக்கும் ஒரே எண்ணெய்னா அதுல டிஸ்பர்ஸன்ட் இருக்கும். அதோட வேலையே துகளைச் சேரவிடாம மிதக்க வைக்கிறது. மின்கடத்துதலும் கூடுதல். என்ஜின் ஆயிலுக்கும் இதே கதை.

டீசலை மறந்துடுங்க. நம்ம டீசலோட ஃபிளாஷ் பாயிண்ட் (ஆவி பொறிபட்டுத் தீப்பிடிக்கிற சூடு) குறைந்தபட்சம் 35 டிகிரிதான். சித்திரை வெயில்ல ஷெட்டே 38, 39 தொடும். ஆவி, காற்று, 10 கிலோவோல்ட் பொறி. இதுக்கு மேல விளக்கம் வேணுமா? பேரலைச் சாய்ச்சு ஒரு ராத்திரி விட்டு, அடியை வடிச்சு, உறிஞ்சு குழாயை அடியிலிருந்து நாலு விரல் உயரத்துல வைங்க. அது போதும்.

வடுவூர் வண்டி:
ஹைட்ராலிக்ல தண்ணீர் இருக்கான்னு வீட்டிலேயே பார்க்க முடியுமா?

மன்னார்குடி லேப்:
தோசைக்கல்லை 150 டிகிரி வாக்கில் சூடாக்கி, சிரிஞ்சில ஒரு சொட்டு விடுங்க. கண்ணாடி போட்டுக்கங்க, தெறிக்கும். பொரிஞ்சா 500-ஐத் தாண்டிட்டுதுன்னு வெச்சுக்கலாம். ஆனா பொரியலைன்னா தண்ணீரே இல்லைன்னு அர்த்தம் இல்லை. வேலை முடிஞ்சு உடனே, சூடா இருக்கும்போது சாம்பிள் எடுக்கணும். ஆறினா தண்ணீர் அடிக்குப் போயிடும்.

குடவாசல் பணிமனை:
பொரிஞ்சா முதல்ல சிலிகா ஜெல் பிரீதர், அடி வடிப்பு, அப்புறம் தள்ளுவண்டி ஃபில்டர்ல 3 மைக்ரான். நல்லா கலங்குற தொட்டியில ஏழு சுற்று ஓடினாத்தான் ஆயிரத்துல ஒரு பங்கு அழுக்கு மிஞ்சும். 60 லிட்டருக்கு நிமிஷம் ஒரு லிட்டர்னா ஏழு மணி நேரம். கரண்டு பெட்டி ஒரே சுற்றில முழுசாப் பிடிக்காது, அதுக்கு இன்னும் கூடும். நடுவுல கரண்டு போனா?

திருமருகல் கச்சா:
அது நியாயமான கேள்வி. ஆலையில் எஃப்சிசி (வினையூக்கியால் கன எண்ணெயை உடைக்கும் பிரிவு) அடி எண்ணெய்க்குக் கண்ணாடி மணி நிரப்பிய மின்பிரிப்பான் உண்டு. அதில் வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்திப் பின்னோட்டம் விட்டால் துகள் கழன்று வந்துவிடும். காகிதம் அதைவிட நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஆனாலும் வோல்டேஜ் இல்லாமல் ஆயில் ஓடக் கூடாது. வோல்டேஜ் இறங்கினால் பம்பும் நிற்கும்படி இன்டர்லாக் இருக்கிறதா, ஆயில் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வ் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் நானே வேண்டாம் என்பேன்.

குடவாசல் பணிமனை:
இருந்தாலும் வேண்டாம்தான் நான் சொல்வேன். சேறும் உமித்தூசியும்தான் நம்ம பம்பை அரைக்குது, வார்னிஷ் ரெண்டாவது.

வடுவூர் வண்டி:
இன்டர்லாக் பத்திக் கேட்டேன். 'அதெல்லாம் தேவைப்படாது சார்'ங்கிறார்.